கம்பெனி உபயம்

இரும்பு யந்திரம் மல்லாட்டையை நசுக்கி எண்ணெய் எடுக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், சூடான புண்ணாக்கும் புது எண்ணெயும் சணல் சாக்கும் சேர்ந்த வாசனை, சிறு வயதில் நான் படித்த புத்தகங்களுக்கெல்லாம் அந்த வாசனைதான். புதுக் காகிதத்தின் மணம், பழைய காகிதத்தின் மணம் என்று படித்தவர்கள் உருகி உருகிப் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். எனக்குப் புத்தகத்தைத் திறந்தால் பசிதான் எடுக்கும். பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கைரேகை, நடுநடுவே ஒட்டிக்கிடக்கும் சிவப்புத் தோல், இப்படித்தான் நான் எழுத்தைப் பழகினேன்; அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் "மல்லாட்டை" என்று பெயர். நயா பைசா வந்த புதிது அது. திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு ஜில்லாவில் ஓர் ஊர். கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேலூருக்கு ஓடவேண்டும். இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில் அன்று ஏரியையும் வயலையும் விட்டால் காக்காய்தான் உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட எண்ணெய் மில் ஒன்று இருந்தது. அதை யாரும் மில் என்று சொன்னதில்லை; "கம்பெனி" என்றால் அதுதான். முதலாளி எங்கள் ஊரிலேயே தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்துவந்த முஸ்லிம் குடும்பத்துக்காரர். அவர் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. "கம்பெனி பாய்" என்பார்கள், முடிந்தது.

அந்தக் கம்பெனிதான் எங்கள் ஊருக்குப் படிப்பகம் வைத்துக் கொடுத்தது. ஏதோ பெரிய தர்ம சிந்தனையில் வைத்தார்கள் என்று நான் கதை விடப்போவதில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றிவரும் வண்டிக்காரர்கள், எடை போடும் முறை வருகிறவரை நாள் முழுக்கக் கம்பெனி வாசலில் காத்துக் கிடப்பார்கள். சும்மா கிடப்பார்களா? சீட்டு ஆடுவார்கள். சீட்டு ஆடினால் சண்டை வரும். ஒருநாள் சண்டையில் ஒருத்தன் மண்டை உடைந்து ரத்தம் மூட்டைமேல் தெறித்தது. மறு வாரமே பாய் சாக்கு போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, இரண்டு பெஞ்சும் நாலு தட்டு வைத்த அலமாரியும் போட்டு, மெட்ராஸிலிருந்து ஒரு கட்டுப் புத்தகமும் தினசரிப் பேப்பரும் வரவழைத்துவிட்டார். "படிக்கத் தெரிஞ்சவன் படிக்கட்டும், தெரியாதவன் கேக்கட்டும், வாய் ஒரு வேலையா இருந்தா கை சும்மா இருக்கும்" என்பது அவர் கணக்கு. தன் வாசலில் ரகளை கூடாது என்கிற சுயநலம்தான். இருக்கட்டுமே! சுயநலத்தில் வெட்டின கிணற்றிலும் தண்ணீர் தண்ணீராகத்தானே ஊறுகிறது.

வண்டிக்காரர்களுக்கென்று வைத்த படிப்பகத்துக்குள் கொஞ்ச நாளில் ஊரே நுழைந்துவிட்டது. நானும் நுழைந்தேன். எங்கள் வீடு இருந்த பேகோபுரத் தெருவிலிருந்து அது கொஞ்ச தூரமா? பள்ளிக்கூட மணி அடித்ததும் பையும் கையுமாக ஓட்டம்தான். கப்பலில் உலகம் சுற்றுகிற புத்தகம், நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம், அட்டை கிழிந்த துப்பறியும் கதை, எருப் போடுவது எப்படி என்கிற சர்க்கார் புத்தகம், எது கையில் கிடைத்தாலும் விடுவதில்லை. "உண்ணாமலையை மேய விட்டா அலமாரி அட்டையைக்கூட மிச்சம் வைக்காது" என்று கம்பெனி மானேஜரே சொல்லுவார். உண்ணாமலை நான்தான், எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு உண்ணாமலை உண்டு.

இந்த மானேஜர் படிப்பகத்து வாசற்படி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒடிசலான மனிதர், சிரிக்கமாட்டார், எல்லோருடைய கையையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரை வைத்து ஒரு வேடிக்கை நடந்தது. சிவன் கோயிலில் சண்டிகேஸ்வரர் சன்னதி முன்னால் வந்ததும், "சாமி சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை" என்று காட்ட இரண்டு கையையும் மெல்லத் தட்டி விரித்துக் காட்டுவோம் அல்லவா? படிப்பகத்தை விட்டு வெளியே வருகிற வண்டிக்காரர்களும் கிழவர்களும் மானேஜர் முன்னால் நின்று அதே மாதிரிக் கையைத் தட்டி விரித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். "யோவ், என்னய்யா என்னைக் கிண்டல் பண்றியா?" என்று அவர் எகிறுவார். யாரும் கிண்டல் செய்யவில்லை என்பது அவருக்கும் எங்களுக்கும் அப்போது உறைக்கவில்லை. அவருக்குச் "சண்டிகேஸ்வரர்" என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

அப்புறம் நான் பெரிய மனுஷியானேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புட்டு சுற்றி, பச்சைப் பாவாடை கட்டி எல்லாம் ஆன பிறகு அம்மா சொன்னாள்: "பள்ளிக்கூடம் போதும். இனிமே அந்தக் கம்பெனிப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. அங்க நாலு ஆம்பளைங்க வர்றாங்க." பள்ளிக்கூடத்தைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன், எங்கள் தெருவில் என் வயசுப் பெண்கள் எல்லோருக்கும் அதே கதிதான். ஆனால் கப்பல் நடுக்கடலில் நிற்கும்போது பாதியில் மூடிவைத்த புத்தகத்தை நினைத்தால் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. சோறு இறங்கவில்லை. அப்பா பார்த்தார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்கலாம்னுதான பாய் வெச்சிருக்காரு, நான் கொண்டாறேன்" என்றார்.

அப்பாவுக்குக் கிழக்குக் கோபுரத்தெதிரில் தேங்காய், சூடம், அர்ச்சனைச் சாமான் விற்கிற கடை. அன்று பொழுது சாயும் நேரம் புத்தகத்தோடு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் என் கைக்கு வருமுன் அம்மா வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை, அதை விரலால் தொட்டு, "உ... ப... யம்..." என்று கூட்டியவள், சுட்டுவிட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள். "அட பாவி மனுசா, உபயம்னு போட்ட பொருளை வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கீங்களே! மொதல்ல கொண்டுபோய் வெச்சுட்டு வாங்க!"

கோயில் ஊரில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோயில் மணியில், விளக்கில், குழல் விளக்கின் கண்ணாடியில்கூட "உபயம்: இன்னார்" என்று எழுதியிருக்கும். உபயம் என்றால் சாமிக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அதை வீட்டுக்கு எடுத்துப் போனால் குடும்பம் விளங்காது. கோயிலிலிருந்து கிளம்பும்போது, தெரியாமல் ஒரு வில்வ இலைகூட ஒட்டிக்கொண்டு வந்துவிடக்கூடாது என்று முந்தானையை உதறுகிறவள் என் அம்மா. "பாய் குடுத்த புஸ்தகம்டி, அதுல ஏது சாமி?" என்று அப்பா வாதாடிப் பார்த்தார். "யார் குடுத்தா என்ன, உபயம் உபயம்தான்" என்றுவிட்டாள். தெருவில் விசாரித்தால் எல்லா வீட்டிலும் இதே கூத்து. படிப்பகம் திறந்ததிலிருந்து ஒரு ஆத்மாவும் ஒரு புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. மானேஜர் முன்னால் ஏன் கை தட்டினார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வார்த்தை, அதுவும் நாலே எழுத்து, எனக்கும் புத்தகத்துக்கும் நடுவில் சுவர் வைத்துவிட்டது. சும்மா கிடக்கிற ஜென்மம் நான் இல்லை. சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆயுத பூஜை வந்தது.

கம்பெனியில் ஆயுத பூஜை அமர்க்களமாக நடக்கும். முதலாளி முஸ்லிமாக இருந்தால் என்ன, வேலை செய்கிறவர்கள் கும்பிட வேண்டாமா? யந்திரத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். பூஜைச் சாமான் எங்கள் கடையிலிருந்துதான் போகும் என்பதால் எங்கள் குடும்பத்துக்கு அழைப்பு உண்டு. அம்மா கூட இருந்தால் நானும் போகலாம். அந்த வருஷம் யாரோ புண்ணியவான் படிப்பகத்துப் புத்தகங்களையும் கொண்டுவந்து யந்திரத்துக்குப் பக்கத்தில் அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டான். பூஜை முடிகிறவரை பாய் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முடிந்ததும் கூடையில் பொரியும் கடலையும் அள்ளி, வழக்கம்போல் தன் கையாலேயே எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தார்.

என் முறை வந்தது. நான் கையை நீட்டவில்லை.

"உங்க முத்திரையால நான் படிக்க முடியல பாய்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். யந்திரம் ஓடாத நாள் ஆகையால் கூரை முட்டக் கேட்டது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை; "எல்லாத்துலயும் உபயம்னு போட்டிருக்கீங்களே" என்றேன்.

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாம்மா தப்பு? நான் குடுத்ததுன்னு தானே அதுக்கு அர்த்தம்? சன்னதித் தெருவுல ஸ்டாம்பு செய்யறவரு, பொதுவுக்குக் குடுத்தா இப்படித்தான் போடணும்னாரே?" என்றார். அந்த ஸ்டாம்புக்காரர் பிறந்ததிலிருந்து கோயிலுக்குக் கொடுக்கிறவர்களுக்கே முத்திரை செய்து பழகியவர்; அவருக்கு வேறு வார்த்தை ஏது?

என் பின்னாலிருந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மாவே பதில் சொன்னாள். "உபயம்னா சாமிக்குக் குடுத்ததுங்க பாய். நாங்க எடுக்கக் கூடாதுங்க."

"நான் ஜனங்களுக்குத்தாம்மா குடுத்தேன்!" என்றார் அவர், அழாத குறையாக. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மானேஜர் முன்னால் வந்து, முத்திரை மேல் மை தடவி அழித்துவிடலாம் என்றார். "பூஜையில வெச்ச புஸ்தகத்துல கை வைப்பியா நீ?" என்று பத்துப் பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். அழிக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. பாய் கூடையும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பொரி கண்ணில் பட்டது. "இந்தப் பொரி யார் உபயம்?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"கம்பெனி உபயம்தான்."

"இதை மட்டும் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோறியே?"

"அது பிரசாதம்டி. அவர் கையால குடுக்கறாரு, வாங்கிக்கறோம்."

"அப்ப புஸ்தகத்தையும் கையால குடுக்கச் சொல்லு!"

பாய் சிரித்தார் பாருங்கள், வயிறு குலுங்கக் குலுங்க. "மானேஜர், இன்னிலேர்ந்து யாரும் அலமாரியில கை வைக்கவேணாம். நீதான் எடுத்துக் குடுக்கிற. ரெண்டு கையாலயும் குடு" என்றார். மானேஜர் பதற்றத்தில் கைக்கு வந்த முதல் புத்தகத்தை எடுத்து நீட்ட, அம்மா முந்தானையை விரித்து அதைப் பயபக்தியோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், கோழி வளர்ப்பு.

கப்பல் போய்க் கோழி வந்தால் என்ன, புத்தகம் நிலைப்படி தாண்டி உள்ளே வந்துவிட்டதே! அன்றைக்கு நான் ராணி மாதிரி நடந்தேன். ஊருக்கும் விஷயம் பரவியது. கம்பெனியில் பிரசாதமாகப் புத்தகம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் படிக்கத் தெரியாதவர்கள்கூட வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். கார்த்திகை தீபத்துக்குள் அலமாரி துடைத்து வைத்தாற்போல் ஆகிவிட்டது.

இங்கேதான் நான் யோசிக்காத ஒன்று இடித்தது. பிரசாதத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? ஒருத்தர்கூடக் கொடுக்கவில்லை! எங்கள் வீட்டிலேயே கோழி வளர்ப்பு பூஜை மாடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அம்மா தினம் அதற்கு ஒரு பூ வைத்தாள். "குடுத்துட்டு வேற வாங்கிட்டு வாங்கப்பா" என்று நான் கெஞ்சினால், "பிரசாதத்தைத் திருப்பிக் குடுக்கறது குடுத்தவங்க மூஞ்சில அடிக்கிற மாதிரி" என்பாள். நான் அதையே படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். அடைகாக்கும் கோழியை எந்தத் திசை பார்த்து வைக்கவேண்டும், குஞ்சுக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்கள் வீட்டில் கோழி கிடையாது.

தை மாதம் அப்பா கடையிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். மானேஜர் பாயிடம் போய், புத்தகம் இல்லாத இடத்துக்குப் படிப்பகம் எதற்கு, அறுவடை மூட்டை வைக்க இடமில்லை, பூட்டிவிடலாம் என்றாராம். பாயும் சரி என்று தலையாட்டிவிட்டாராம். ஒரு பக்கச் சுவரோரம் சாக்கு அடுக்கியாயிற்று.

எனக்கு உலகமே இருண்டு போயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று, தெருவில் இறங்குவது போயிற்று, கடைசியில் இதுவும். அதுவும் என் வாயாலேயே! அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மாவும் சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு அழுகைச் சத்தம் பிடிக்காது. அன்று அவர் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். யாரோ வெளியூர்க்காரர் அர்ச்சனைத் தட்டைத் திருப்பித் தராமல் பஸ் ஏறிவிட்டார். தேங்காயும் பழமும் வாங்குகிறவர்களுக்குத் தட்டை இரவல் கொடுத்து அனுப்பி, கோயிலிலிருந்து திரும்பும்போது "தட்டு தட்டு" என்று கத்திக் கத்தி வாங்குவதுதான் அவர் பிழைப்பு. மாடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெடித்துவிட்டார்.

"ஏன்டி, பிரசாதத்தைத்தான் இவ எப்பவோ முழுங்கிட்டாளே! தட்டை எதுக்கு இன்னும் மாடத்துல வெச்சிருக்கே? தட்டைக் கொண்டுபோய்க் குடு!"

அம்மா புரியாமல் பார்த்தாள். "எது தட்டு?"

"புஸ்தகம்தான் தட்டு! உள்ள எழுதியிருக்கே, அது பிரசாதம். அதை எடுத்துக்கிட்டுத் தட்டைக் குடுத்துடணும். கோயிலுக்குப் போறவங்க தட்டையும் சேர்த்துத் தின்னுட்டா அடுத்தவனுக்கு எதுல வெச்சுக் குடுப்பான்?"

அம்மா மாடத்திலிருந்து புத்தகத்தை எடுத்தாள், பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள், முறத்திலிருந்து இரண்டு முருங்கைக்காயை எடுத்து அதன்மேல் வைத்தாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. "வாடி" என்றாள். என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கு நடந்தாள். மானேஜரிடம் புத்தகத்தையும் முருங்கைக்காயையும் கொடுத்துவிட்டு, "இன்னொண்ணு குடுங்க. கோழி வேணாம், பொண்ணு கேக்கறதைக் குடுங்க" என்றாள். அவளை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம் அவள் நின்ற நிற்பைத்தான் நினைக்கிறேன். என் அம்மா!

அப்பா அதோடு விடவில்லை. கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "கம்பெனித் தட்டைக் குடுத்தியா?" என்று கேட்டுக் கேட்டு மானத்தை வாங்கினார். புத்தகங்கள் திரும்பிவர ஆரம்பித்தன, ஒவ்வொன்றோடும் கத்தரிக்காய், வாழைப்பழம், ஒரு கை அவல் என்று ஏதாவது. மானேஜர் மேஜை சந்தைக் கடை ஆயிற்று; அந்த மனிதர் சிரித்ததை நாங்கள் முதல்முதலாக அப்போதுதான் பார்த்தோம். சாக்கு மூட்டைகள் வெளியே போயின. எல்லாமும் வந்துவிடவில்லை, ஒரு பங்கு போனது போனதுதான். மானேஜர் அதைச் சொல்லி மூக்கால் அழுதபோது பாய் சொன்னாராம்: "சேதாரம் இல்லாம எந்த மில்லுய்யா ஓடுது? கம்மியான அளவுக்கு வாங்கிப் போடு. கொஞ்சம் ஜாஸ்தியாவே வாங்கு."

பிறகு எனக்குக் கீழ்பென்னாத்தூரில் கல்யாணம் ஆயிற்று. அதனாலும் ஒன்றும் நின்றுவிடவில்லை. மூட்டை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டிகளில் மானேஜர் புத்தகம் கொடுத்தனுப்புவார், வண்டிக்காரர் வாசலில் நின்று, "யம்மா, தட்டு!" என்று குரல் கொடுத்தால் படித்ததைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்வேன். என் மாமியார் முதலில் முறைத்தாள், பிறகு படித்துக் காட்டச் சொன்னாள். கப்பலும் ஒருவழியாகக் கரை சேர்ந்தது. நான் இன்றைக்கு நாலு வார்த்தை கோவையாக எழுதுகிறேன் என்றால், ஒரு எண்ணெய்க் கம்பெனி தன் லாபத்தில் ஒரு துளியை எங்கள் பக்கம் வடியவிட்டதால்தான். இதை யாரிடமும் நான் கூசாமல் சொல்லுவேன்.

போன மாதம் வேங்கிக்காலில், புது வீடுகளுக்கு நடுவில், ஒரு பெரிய கம்பெனி நூலகம் திறந்தது. இதற்கு இப்போது "சமூகப் பொறுப்பு" என்று பெயர். நல்ல பெயர்தான். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், மணக்க மணக்கப் புத்தகங்கள். பார்க்கவே கண் நிறைந்தது, நான் பொய் சொல்லக்கூடாது. ஆனால் அலமாரிக்கு மேலே ஒரு பலகை: புத்தகங்களை வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. அதன் கீழே ஓர் இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு, நின்ற வாக்கிலேயே பரபரவென்று பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். பஸ் ஹாரன் கேட்டதும் படித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள்.

அங்கே இருந்த தம்பியிடம் போனேன். தங்கமான பிள்ளை. "காணாமப் போயிடும்னு ரூல் போட்டுட்டாங்க பாட்டி" என்றான். யார் போட்டது என்றேன். மேலே என்றான். மேலே யார் என்றேன். அது சென்னையிலா, பெங்களூரிலா, அதற்கும் அப்பாலா என்று அவனுக்கே தெரியவில்லை. மில் இருந்த இடத்தில் லாட்ஜ் வந்துவிட்டது, மாட்டு வண்டிகள் போய்விட்டன, அதெல்லாம் போகிறதுதான், நான் வருத்தப்படுவதில்லை. கொடுத்தவரை ஒரு சிறு பெண் நேருக்கு நேர் நிறுத்திச் சண்டை போட முடிந்ததே, அதுதான் எங்கள் ஊரில் இப்போது இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன். அந்தப் பலகையைப் போட்ட மனிதன் எங்கேயாவது நாற்காலியில் உட்கார்ந்துதானே இருக்கவேண்டும்? அவன் ஊருக்கு வருகிறவரை, தினமும் கதவு திறக்கும் நேரத்துக்கு நான் அந்த வாசலில் நிற்பதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இன்றைக்கும் போய் நின்றுவிட்டுத்தான் வந்து இதை எழுதுகிறேன்.